மாசணுவின் இருக்கை: ஒளிரும் நானோபடிகமும் வினைபுரியும் நானோபடிகமும்

பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவில் பொழுது சாய்ந்தபின் பூக்கடையும் துணிக்கடையும் ஏற்றிவைக்கும் வெண்ணிற எல்.இ.டி. விளக்குகளுள் பெரும்பாலானவற்றில் மஞ்சள் நிறப் பூச்சு ஒன்று உண்டு. அப்பூச்சின் அடியில் இருக்கும் சில்லு தருவது நீல ஒளி மட்டுமே. பூச்சு அந்த நீலத்தின் ஒரு பகுதியை உறிஞ்சி மஞ்சளாக மாற்றுகிறது. எஞ்சிய நீலமும் பிறந்த மஞ்சளும் சேர்ந்து நம் கண்ணுக்கு வெண்மையாகின்றன. சப்பானின் நிச்சியா நிறுவனம் 1996ஆம் ஆண்டில் இத்தகைய வெள்ளை விளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

அந்த மஞ்சள் பூச்சு இட்ரியம் அலுமினியம் கார்னெட் என்னும் படிகத்தால் ஆனது. தூய நிலையில் அது நிறமற்றது. நீல ஒளி அதனூடே தடையின்றிச் சென்றுவிடும். அதிலுள்ள இட்ரியம் அணுக்களுள் நூற்றுக்குச் சிலவற்றை நீக்கி, அவ்விடங்களில் சீரியம் அணுக்களை அமர்த்தியதும் படிகத்தின் இயல்பே மாறுகிறது. நீலத்தை உறிஞ்சுவதும் மஞ்சளை உமிழ்வதும் அந்தச் சில அணுக்களின் பணியே. இவ்வாறு ஒரு படிகத்தில் வேற்றணுக்களை அளவறிந்து சேர்ப்பதை மாசூட்டல் என்றும், சேர்க்கப்படும் அணுவை மாசணு என்றும் அறிவியல் நூல்கள் குறிக்கின்றன.

விளக்கின் பூச்சில் உள்ள படிகத்துகள்கள் மைக்ரோமீட்டர் அளவினவை. அவற்றினும் ஆயிரம் மடங்கு சிறிய, நானோபடிகம் எனப்படும் குறைக்கடத்திப் படிகங்களில் மாசூட்டி, ஒளி பெறவும் ஒளியின் துணையால் வேதிவினை நிகழ்த்தவும் முயலும் ஆய்வுத்துறை கடந்த முப்பது ஆண்டுகளில் பெரிதும் வளர்ந்துள்ளது. இத்துறையின் மையமான உண்மை ஒன்றே. மாசணு எது, எவ்வளவு என்பவற்றோடு, அது படிகத்தில் எங்கே அமர்ந்துள்ளது என்பதும் அறியப்பட்டாக வேண்டும். அவ்விருக்கையே படிகம் ஒளிருமா, வினைபுரியுமா, இரண்டுமின்றிச் சூடாகி ஓயுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

ஓர் இணை, மூன்று முடிவுகள்

குறைக்கடத்தியில் எலக்ட்ரான் எனப்படும் எதிர்மின்னிகள் நிறைந்த ஆற்றல் பட்டை ஒன்று கீழேயும், ஏறத்தாழக் காலியான பட்டை ஒன்று மேலேயும் உள்ளன. கீழுள்ளது இணைதிறப் பட்டை. மேலுள்ளது கடத்துப் பட்டை. தூய படிகத்தில் இவற்றுக்கிடையே எதிர்மின்னி தங்க இடமில்லை. அந்த வெற்று வெளியே ஆற்றல் இடைவெளி. இடைவெளியைத் தாண்டப் போதிய ஆற்றலுள்ள ஒளி படும்போது எதிர்மின்னி ஒன்று மேலேறுகிறது. அது விட்டுச்சென்ற இடம் துளையாகிறது. எதிர்மின்னியும் துளையும் ஓர் இணையாகப் பிறக்கின்றன.

பிறந்த இணைக்கு மூன்று முடிவுகள் உள்ளன. எதிர்மின்னி கீழிறங்கித் துளையோடு சேரும்போது விடுபடும் ஆற்றல் ஒளியாக வெளிப்படலாம், அது ஒளியுமிழ்வு. இரண்டும் சேருமுன் பிரிந்து, படிகத்தின் மேற்பரப்பை அடைந்து, அங்குள்ள மூலக்கூறுகளோடு வினைபுரியலாம், அது ஒளிவினையூக்கம். படிகத்தின் குறைகளில் சிக்கிச் சேர்ந்து, பெற்ற ஆற்றலை வெப்பமாக இழக்கலாம், அது வீண்.

முதலிரண்டு முடிவுகளும் ஒன்றுக்கொன்று போட்டியானவை. விளக்குக்கு இணை சேர வேண்டும். வினையூக்கிக்கு இணை பிரிய வேண்டும். ஒளியாகச் சென்ற ஆற்றல் வினைக்குக் கிட்டாது. ஆகவே ஒரே படிகம் மிகச் சிறந்த ஒளிரியாகவும் மிகச் சிறந்த வினையூக்கியாகவும் விளங்கும் என்று கூறும் ஆய்வுரையை ஐயத்தோடு அணுக வேண்டும். மாசணு இந்தப் போட்டியில் ஒரு பக்கம் சாய்கிறது. எப்பக்கம் என்பதை அதன் இனமும் அளவும் இருக்கையும் கூடி முடிவு செய்கின்றன.

இந்த மண்ணிலுள்ள தனிமங்கள்

இத்துறைக்கு வேண்டிய தனிமங்கள் பலவும் மலேசிய மண்ணோடு நெருங்கிய தொடர்புடையவை. 1857இல் அம்பாங் பகுதிக்கு வெள்ளீயம் தேடிச் சென்றவர்களால் உருவான ஊரே கோலாலம்பூர். ஈயமணலைக் கழுவிப் பிரித்தபின் எஞ்சும் கனமான கருமணலை இந்நாட்டினர் அமாங் என்பர். அதிலுள்ள இல்மனைட்டில் டைட்டானியம் இருக்கிறது; மோனசைட்டில் சீரியம் இருக்கிறது; செனோடைமில் இட்ரியம் இருக்கிறது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் கழிவாக ஒதுக்கப்பட்ட மணலில் வெள்ளை விளக்கின் மஞ்சள் பூச்சுக்கான இரு அருந்தனிமங்களும், ஒளிவினையூக்கிகளுள் முதன்மையான டைட்டானியம் ஈராக்சைடுக்கான உலோகமும் ஒருங்கே இருந்தன. வெள்ளீயத்தின் ஆக்சைடும் ஒரு குறைக்கடத்தியே. ஃபுளூரின் மாசூட்டிய வெள்ளீய ஆக்சைடு ஒளி புகும் மின்கடத்தியாகிச் சூரியக் கலங்களின் கண்ணாடியில் பூசப்படுகிறது.

இந்தச் செல்வத்திற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. மோனசைட்டில் கதிரியக்கத் தோரியம் கலந்துள்ளது. ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் 1980களில் அருந்தனிம ஆலையின் கழிவுக்கு எதிராக மக்கள் தொடுத்த வழக்கை இந்நாடு மறக்கவில்லை. தூய ஒளி தரும் பொருளுக்கும் கழிவு உண்டு என்பதை ஆய்வாளர் முதல்நாளே கணக்கில் கொள்ள வேண்டும்.

துத்தநாகத்தின் உறவு இன்னும் அணுக்கமானது. பால்மரத் தோட்டங்களில் நம் முன்னோர் வடித்த பால் வலுவான ரப்பராக இறுகக் கந்தகத்தோடு துத்தநாக ஆக்சைடும் தேவை. உலகில் உற்பத்தியாகும் துத்தநாக ஆக்சைடின் பெரும்பங்கு இன்றும் ரப்பர்த் தொழிலுக்கே செல்கிறது. கிள்ளான் மேரு வட்டாரத்துக் கையுறை ஆலைகளில் மூட்டை மூட்டையாகப் பயன்படும் இந்த வெண்பொடி 3.3 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் இடைவெளி கொண்ட குறைக்கடத்தி. புற ஊதாக் கதிர் பட்டால் வினைபுரியும் ஒளிவினையூக்கி. ஷா ஆலாமில் உள்ள மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அலுமினியம் மாசூட்டிய துத்தநாக ஆக்சைடு நுண்தண்டுகளை வளர்த்துப் புற ஊதா உணரிகள் ஆக்கும் ஆய்வுகள் நடந்துள்ளன. பிரிக்பீல்ட்ஸை அடுத்த பந்தாய் பள்ளத்தாக்கில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் நானோகேட் மையம் இயங்குகிறது. செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகமும் பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகமும் உள்ளன. கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அதன் சூழலிலும் ஒரு மணி நேரப் பயணத் தொலைவுக்குள் இத்துறையின் கருவிகளும் ஆய்வாளர்களும் நிறைந்துள்ளனர்.

சிறுமை தரும் பெருமை

நானோபடிகங்களின் வரலாறு 1981இல் தொடங்குகிறது. சோவியத் நாட்டின் வாவிலோவ் ஒளியியல் கழகத்தில் அலெக்சி எக்கிமோவ், கண்ணாடிக்குள் செம்புக் குளோரைடுப் படிகங்களை வளர்த்தபோது, படிகத்தின் பருமன் குறையக் குறைய அது உறிஞ்சும் ஒளியின் ஆற்றல் கூடுவதைக் கண்டார். 1983இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் லூயி புருஸ், நீர்மத்தில் மிதக்கும் காட்மியம் சல்பைடுத் துகள்களில் இதே விளைவைத் தனித்துக் கண்டறிந்தார். 1993இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மௌங்கி பவெண்டி குழுவினர், சூடான கரைப்பானில் வினைபொருள்களை விரைந்து செலுத்தி, ஒரே பருமனுள்ள படிகங்களை வளர்க்கும் முறையை வகுத்தனர். மூவருக்கும் 2023ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

பருமனுக்கும் நிறத்துக்கும் உள்ள தொடர்பை நாகசுரம் கேட்ட காது எளிதில் உணரும். நீண்ட பாரி நாயனத்தின் சுருதி தாழ்ந்தது; குட்டையான திமிரியின் சுருதி உயர்ந்தது. குழலில் அடைபட்ட காற்றலையின் நீளம் குறைந்தால் அதிர்வெண் ஏறுவதுபோல, சிறு படிகத்தில் அடைபட்ட எதிர்மின்னியின் அலை நெருக்கப்படும்போது அதன் ஆற்றல் ஏறுகிறது. காட்மியம் செலினைடில் ஏறத்தாழ 6 நானோமீட்டர் படிகம் சிவப்பையும் 2 நானோமீட்டர் படிகம் நீலத்தையும் உமிழ்வது இதனால்தான்.

ஆயினும் காட்மியம் நச்சு உலோகம். ஐரோப்பிய ஒன்றியம் மின்சாதனங்களில் எடையளவில் 0.01 விழுக்காட்டுக்கு மேல் அதை அனுமதிப்பதில்லை. தூய நானோபடிகத்திற்கு இன்னொரு குறையும் உண்டு. ஒரு படிகம் உமிழும் ஒளியைப் பக்கத்துப் படிகம் உறிஞ்சிக்கொள்ளும். இவ்விரு குறைகளுக்கும் மாற்றாகவே காட்மியம் இல்லாத துத்தநாகச் சேர்மங்களில் மாசூட்டும் முயற்சி வலுப்பெற்றது. மாசூட்டிய படிகத்தில் உறிஞ்சுவது தாய்ப்படிகம், உமிழ்வது மாசணு. உமிழப்படும் ஒளியின் ஆற்றல் தாய்ப்படிகத்தின் இடைவெளியைவிட மிகக் குறைவு. ஆகவே அந்த ஒளியைப் பக்கத்துப் படிகங்கள் விழுங்குவதில்லை.

செம்மஞ்சள் ஒளியும் ஒரு திருத்தமும்

துத்தநாக சல்பைடின் ஒளிர்வு பழைய செய்தி. பிரெஞ்சு வேதியியலார் தியோடோர் சிடோ 1866இல் அதைக் கண்டறிந்தார். அது ஒளிர்ந்ததற்குக் காரணம் அதில் தற்செயலாகக் கலந்திருந்த வேற்றணுக்களே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. செம்பு மாசூட்டிய துத்தநாக சல்பைடு ரேடியத்தோடு சேர்ந்து கடிகார முள்களில் பச்சையாக ஒளிர்ந்தது. மாங்கனீசு மாசூட்டியது செம்மஞ்சளாக ஒளிர்ந்தது.

1994இல் அமெரிக்காவில் ரமேஷ்வர் பார்கவா குழுவினர், சில நானோமீட்டர் அளவுள்ள துத்தநாக சல்பைடுப் படிகத்தில் மாங்கனீசை ஊட்டிப் பிரகாசமான செம்மஞ்சள் ஒளி பெற்றதாக அறிவித்தனர். மாசூட்டிய நானோபடிகம் என்னும் தனித்துறைக்கு வித்திட்ட அறிவிப்பு அது. கூடவே வியப்பான செய்தி ஒன்றையும் அவர்கள் கூறினர். மாங்கனீசின் ஒளிர்வு வழக்கமாக மில்லி நொடி அளவில் தணியும். நானோபடிகத்தில் அது நானோ நொடி அளவில் தணிகிறது, அதாவது இலட்சம் மடங்கு விரைகிறது என்பதே அச்செய்தி.

1998இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் போல், மெயரிங் ஆகிய இருவரும் அதே படிகத்தை மீண்டும் செய்து, நீண்ட நேர அளவிலும் அளந்தனர். மாங்கனீசின் ஒளிர்வு ஏறத்தாழ 2 மில்லி நொடியில்தான் தணிந்தது. நானோ நொடியில் தணிந்தது துத்தநாக சல்பைடின் சொந்தக் குறைகளிலிருந்து வந்த பின்னணி ஒளி. பார்கவாவின் படிகம் உண்மை. செம்மஞ்சள் ஒளியும் உண்மை. விரைவு பற்றிய விளக்கம் மட்டும் நிலைக்கவில்லை. ஓர் ஒளிர்வு எந்த அணுவிலிருந்து வருகிறது என்று பிரித்தறியாமல் அளந்த எண் எவ்வளவு வழிதவறச் செய்யும் என்பதற்கு இத்துறையில் இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

குவளைக்குள் நிகழ்வது

இப்படிகத்தைச் செய்யும் முறை தொடக்கநிலை ஆய்வகத்துக்கும் எட்டக்கூடியது. துத்தநாக அசிட்டேட்டையும் அதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கான மாங்கனீசு அசிட்டேட்டையும் நீரில் கரைக்கின்றனர். படிகம் பெருத்துவிடாமல் தடுக்க அதன் மேற்பரப்பைப் பற்றிக்கொள்ளும் கரிமச் சேர்மம் ஒன்றைச் சேர்க்கின்றனர். மாங்கனீசு காற்றுப்பட்டு ஆக்சிசனேற்றம் அடையாதிருக்க நைட்ரசனைக் குமிழியிடச் செய்கின்றனர். பிறகு சோடியம் சல்பைடுக் கரைசலைத் துளித்துளியாக விடும்போது தெளிந்த நீர் வெண்மையாகக் கலங்குகிறது. கலங்கலை மையவிலக்கியில் சுழற்றி, நீராலும் எத்தனாலாலும் பலமுறை கழுவி உலர்த்தினால் வெண்பொடி கிடைக்கிறது. பகல் வெளிச்சத்தில் மாசூட்டியதற்கும் தூயதற்கும் வேறுபாடு தெரியாது. ஏறத்தாழ 300 நானோமீட்டர் புற ஊதாக் கதிரில் வைத்தால் தூய பொடி மங்கிய நீலமாகவும், நன்கு மாசூட்டிய பொடி 590 நானோமீட்டர் அளவில் செம்மஞ்சளாகவும் ஒளிரும்.

கரைசலில் போட்ட மாங்கனீசு முழுவதும் படிகத்துள் சென்றுவிட்டது என்று எண்ணுவது பெரும்பிழை. மாங்கனீசு சல்பைடு துத்தநாக சல்பைடைவிடப் பன்மடங்கு எளிதில் கரைவது. எனவே கந்தகத்தைக் கண்டதும் துத்தநாகமே முந்திக்கொண்டு வீழ்படிகிறது. மாங்கனீசின் ஒரு பகுதி கரைசலிலேயே தங்குகிறது. இன்னொரு பகுதி படிகத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. கழுவிய பொடியை அமிலத்தில் கரைத்துத் தனிமங்களை அளந்தால்தான் உண்மை அளவு தெரியும். அது பெரும்பாலும் போட்ட அளவைவிடக் குறைவாகவே இருக்கும்.

எண்ணிக்கையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 3 நானோமீட்டர் விட்டமுள்ள துத்தநாக சல்பைடுக் கோளத்தில் ஏறத்தாழ 350 துத்தநாக அணுக்களும் அதே அளவு கந்தக அணுக்களும் இருக்கும். நூற்றுக்கு ஒன்று மாசூட்டினால் ஒரு படிகத்துக்குச் சராசரி மூன்று அல்லது நான்கு மாங்கனீசு. சராசரி ஒன்றே எனில், நிகழ்தகவுக் கணக்கின்படி நூறு படிகங்களில் 37 படிகங்கள் மாசணு எதுவுமின்றி வெறுமையாக இருக்கும். 37 படிகங்களில் ஒன்று இருக்கும். மீதி 26 படிகங்களில் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும். ஒரே குவளையில் பிறந்த பொடி ஒரே பொருளன்று என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது. மேலும் இத்துணைச் சிறிய படிகத்தில் பாதியை நெருங்கும் அணுக்கள் மேற்பரப்பில் உள்ளன. மாசணு உள்ளே அமர்வதும் விளிம்பில் தங்குவதும் இங்கே சமவாய்ப்புடைய நிகழ்ச்சிகளாகிவிடுகின்றன.

இருக்கையைக் கண்டறிவது எப்படி? எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு படிகத்தின் அமைப்பைக் காட்டும்; ஷெரர் 1918இல் வகுத்த வாய்பாட்டின்படி, முகடு அகன்றிருப்பதைக் கொண்டு படிகத்தின் பருமனையும் கணிக்கலாம். மாங்கனீசு அயனியின் ஆரம் 66 பிக்கோமீட்டர். துத்தநாக அயனியின் ஆரம் 60 பிக்கோமீட்டர். ஆகவே மாங்கனீசு உள்ளே புகுந்தால் படிகத்தளங்கள் சற்றே விலகி முகடுகள் நகர வேண்டும். ஆனால் நூற்றுக்கு ஒன்று என்னும் அளவில் அந்நகர்வு, அகன்ற முகட்டுக்குள் மறைந்துவிடும். இவ்விடத்தில் கைகொடுப்பது எதிர்மின்னிச் சுழற்சி ஒத்ததிர்வு முறை. தனித்திருக்கும் மாங்கனீசு அயனி அதில் ஆறு கோடுகளைத் தரும். அதன் அணுக்கருவின் சுழற்சி எண் ஐந்தின்கீழ் இரண்டு என்பதே காரணம். அயனி படிகத்தின் உள்ளே துத்தநாகத்தின் இடத்தில் அமர்ந்திருந்தால் கோடுகளின் இடைவெளி சிறுக்கும். மேற்பரப்பில் ஒட்டியிருந்தால் பெருக்கும். அயனிகள் ஒன்றோடொன்று கூடிக் குழுமினால் ஆறும் கலைந்து ஒரே அகன்ற மேடாகிவிடும். கண்ணால் காண இயலாத இருக்கையை இந்த ஆறு கோடுகள் சொல்லிவிடுகின்றன.

படிகம் சிலவற்றில் மாசணு ஏன் புக மறுக்கிறது என்ற நெடுநாள் கேள்விக்கு 2005இல் எர்வின், எஃப்ரோஸ், நாரிஸ் முதலானோர் நேச்சர் இதழில் விடை கூறினர். மாசணு முதலில் வளரும் படிகத்தின் முகத்தில் ஒட்டி, அடுத்த அடுக்கு மூடும்வரை அங்கே நிலைக்க வேண்டும். எந்த முகம் அதை இறுகப் பற்றுகிறதோ அந்த முகம் மிகுந்த படிகமே மாசணுவை ஏற்கும். இக்கருத்தின் வழியே, அதுவரை மாங்கனீசை ஏற்காதிருந்த காட்மியம் செலினைடு நானோபடிகத்திலும் அவர்கள் அதைப் பதித்துக் காட்டினர். அதே ஆண்டில் நாராயண் பிரதான், சியாவ்காங் பெங் குழுவினர், மாசணுக்களைக் கொண்ட கருவை முதலில் உருவாக்கி அதைச் சுற்றித் துத்தநாக செலினைடை வளர்க்கும் வழியை வகுத்தனர். பிரதான் பின்னர்க் கொல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்தில் இவ்வாய்வைத் தொடர்ந்தார். தமிழரான சர் சி. வி. இராமன் 1928இல் ஒளிச்சிதறல் விளைவைக் கண்ட அதே நிறுவனம் அது.

ஒளி செய்யும் வினை

1972இல் சப்பானிய அறிஞர்கள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் ஈராக்சைடு மின்முனையில் ஒளி பாய்ச்சி நீரைப் பிரித்துக் காட்டினர். அன்று முதல் அச்சேர்மம் ஒளிவினையூக்கத்தின் அளவுகோலாயிற்று. ஒளிபட்ட படிகத்தின் துளை, மேற்பரப்பில் உள்ள நீரிலிருந்து ஹைட்ராக்சில் தனி உறுப்பை உண்டாக்குகிறது. எதிர்மின்னி, கரைந்துள்ள ஆக்சிசனோடு சேர்கிறது. இவ்வாறு பிறந்த வீரியமுள்ள துகள்கள் சாயம், கரைப்பான், பூச்சிக்கொல்லி போன்ற கரிமச் சேர்மங்களைச் சிதைத்து, இறுதியில் கரியமில வாயுவும் நீருமாக்குகின்றன.

தடை ஒன்று உண்டு. அனட்டேசு வகை டைட்டானியம் ஈராக்சைடின் ஆற்றல் இடைவெளி 3.2 எலக்ட்ரான்வோல்ட். 388 நானோமீட்டருக்குக் குறைந்த புற ஊதாக் கதிரையே அது உறிஞ்சும். பூமியை எட்டும் சூரிய ஆற்றலில் அத்தகைய கதிர் ஐந்து விழுக்காட்டைத் தாண்டாது. நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே கிடக்கும் கோலாலம்பூரில் ஆண்டு முழுதும் வெயில் காய்ந்தாலும், அதில் பெரும்பகுதி இப்படிகத்துக்குப் பயன்படாமல் போகிறது. இடைவெளிக்குள் புதுப் படிநிலைகளை அமைத்து, கண்ணுக்குப் புலனாகும் ஒளியையும் உறிஞ்சச் செய்வதே மாசூட்டலின் நோக்கம். 2001இல் சப்பானின் அசாகி குழுவினர், ஆக்சிசனின் இடத்தில் நைட்ரசனை அமர்த்தி 500 நானோமீட்டர் வரையிலான ஒளியில் இப்படிகம் வினைபுரியும் என்று காட்டினர்.

ஆயினும் மாசணு இருமுனைக் கத்தி. பார்கவாவின் ஒளிர்வு அறிவிப்பு வந்த அதே 1994இல், கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் சோய், டெர்மின், ஹாஃப்மன் ஆகியோர் 2 முதல் 4 நானோமீட்டர் அளவுள்ள டைட்டானியம் ஈராக்சைடில் 21 உலோக அயனிகளை ஒவ்வொன்றாக ஊட்டிச் சோதித்தனர். இரும்பு, மாலிப்டினம், ருத்தீனியம், வனேடியம் போன்றவை 0.1 முதல் 0.5 விழுக்காடு அளவில் வினையைக் கூட்டின. கோபால்ட்டும் அலுமினியமும் குறைத்தன. எதிர்மின்னியையோ துளையையோ சிறிது நேரம் பிடித்துவைத்து விடும் அயனி இணையைப் பிரிக்க உதவுகிறது. இரண்டையும் தன்னிடமே வரவழைக்கும் அயனி இணையைச் சேர்த்து அழிக்கிறது. விளக்குக்கு நன்மை செய்யும் இச்சேர்க்கை வினையூக்கிக்குக் கேடாகிறது. அளவு கூடும்போது மாசணுக்கள் நெருங்கி, நல்ல அயனியும் கெட்டதாகிவிடும். வினையூக்கத்தில் சிறந்த அளவு பெரும்பாலும் நூற்றில் ஒன்றுக்கும் கீழே இருப்பது இதனால்தான்.

நிலைப்புத்தன்மையும் கருதப்பட வேண்டும். துத்தநாக சல்பைடு அழகாக ஒளிரும். நீரில் ஒளிபடும்போது அதன் துளைகள் தம் சொந்தக் கந்தகத்தையே ஆக்சிசனேற்றி அரிக்கும். துத்தநாக ஆக்சைடு அமில நீரில் கரைந்து துத்தநாக அயனியை வெளிவிடும். அவ்வகையில் டைட்டானியம் ஈராக்சைடே உறுதியானது.

நிறம் மறைந்தால் போதுமா

ஒளிவினையூக்கியைச் சோதிக்க ஆய்வகங்கள் விரும்பி எடுப்பது மெத்திலீன் நீலம் என்னும் சாயம். நீலக் கரைசலில் பொடியைக் கலக்கி, முதலில் இருட்டில் அரைமணி நேரம் வைக்கின்றனர். பொடியின் மேற்பரப்பில் சாயம் ஒட்டிக்கொள்வதால் வரும் குறைவு வினையாகக் கணக்கில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக. பிறகு விளக்கை ஏற்றி, குறித்த நேரத்துக்கு ஒருமுறை சிறிது எடுத்து, பொடியை நீக்கி, 664 நானோமீட்டரில் சாயம் உறிஞ்சும் அளவைக் காண்கின்றனர். நீலம் வெளிறிக்கொண்டே போகும்.

இச்சோதனையில் பொதிந்துள்ள கண்ணி பெரிது. புலனாகும் ஒளியைச் சாயமே உறிஞ்சுகிறது. உறிஞ்சிய சாயம் தன் எதிர்மின்னியைப் படிகத்துக்குக் கொடுத்துத் தானே சிதையலாம். ஆக்சிசன் குறைந்த கரைசலில் நிறமற்ற வடிவுக்கு மாறி, காற்றுப்பட்டதும் மீண்டும் நீலமாகலாம். படிகம் புலனாகும் ஒளியில் எதுவும் செய்யாதபோதும் நிறம் மறைய இடமுண்டு. ஆகவே புலனாகும் ஒளியில் வினைபுரிவதாகக் கூறும் மாசூட்டிய படிகத்தை ஃபீனால் போன்ற நிறமற்ற சேர்மத்தைக் கொண்டும் சோதிக்க வேண்டும். பொடியின்றி ஒளி மட்டும், ஒளியின்றிப் பொடி மட்டும் என்னும் இரு ஒப்புச் சோதனைகள் கட்டாயம். கரிமம் முழுவதும் அழிந்ததா, வேறொரு நச்சாக மாறி நிற்கிறதா என்பதை மொத்தக் கரிம அளவீடே சொல்லும். ஒரே பொடியை மீண்டும் மீண்டும் பயன்படுத்தி, நீரில் உலோகம் கசிகிறதா என்றும் காண வேண்டும். இத்தனையும் செய்தபின் எஞ்சி நிற்கும் முடிவே அறிவியல்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தேவை

இந்த அறிவு நம் வாழ்விடத்துக்கு எவ்வாறு உதவும்? 2020 செப்டம்பர்த் தொடக்கத்தில் ரவாங் அருகே சுங்கை கோங்கில் கலந்த தொழிற்சாலைக் கழிவின் நாற்றம் சிலாங்கூர் ஆற்றை எட்டியது. நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 12 இலட்சம் கணக்குகளுக்குக் குழாய்நீர் நின்றது. தொழிற்சாலைக் கழிவில் கலக்கும் கரைப்பான்களை ஒளிவினையூக்கி சிதைக்கும் என்பது உண்மை. ஆனால் ஓடும் ஆற்றில் பொடியைத் தூவி மாசு நீக்கலாம் என்பது வீண் கனவு. ஒளி கலங்கல் நீரில் ஆழம் புகாது. வினைக்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். தூவிய பொடியே புதிய மாசாகும். ஆற்றைக் காக்கும் முதல் வழி கழிவு அதில் கலவாமல் தடுக்கும் சட்டமும் காவலுமே.

ஒளிவினையூக்கிக்கு உரிய இடம் ஆலையின் இறுதித் தொட்டி. செம்பனை ஆலையின் கழிவுநீரை எடுத்துக்கொள்வோம். ஆலையிலிருந்து வரும்போது அதன் உயிர்வேதி ஆக்சிசன் தேவை இலிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். பழுப்பேறிய அந்நீரில் ஒளி ஒரு விரற்கடைகூடப் புகாது. அங்கே படிகத்துக்கு வேலையில்லை. நுண்ணுயிர்க் குளங்கள் அத்தேவையைப் பெரிதும் குறைத்தபின்னும், நுண்ணுயிரால் சிதைக்க இயலாத பழுப்பு நிறச் சேர்மங்கள் எஞ்சுகின்றன. அக்கடைசிப் படியில், கண்ணாடியிலோ பீங்கானிலோ இறுகப் பதித்த மாசூட்டிய படிகம், மெல்லிய அடுக்காக ஓடும் நீரை வெயிலில் தூய்மை செய்ய முடியும். கையுறை ஆலைகளின் கழிவுநீரில் கலந்துள்ள துத்தநாகத்தை மீட்டு, அதையே வினையூக்கியாக்கும் வழியையும் இங்குள்ள ஆய்வாளர்கள் ஆராயலாம். மூலப்பொருளும் தேவையும் வெயிலும் ஒரே ஊரில் கூடியிருப்பது அரிது.

இத்துறையில் ஒவ்வோர் ஆண்டும் வெளிவரும் கட்டுரைகள் ஏராளம். புதிய மாசணு, புதிய படிகம், நீலச் சாயம் வெளிறும் வளைகோடு என்னும் மூன்றை மட்டும் வைத்து எழுதப்படுபவை அவற்றுள் பல. அவற்றால் அறிவு வளராது. மாசணு எவ்வளவு புகுந்தது, எங்கே அமர்ந்தது, எதிர்மின்னிக்கும் துளைக்கும் அது என்ன செய்தது என்னும் மூன்று கேள்விகளுக்கும் அளந்து விடைகூறும் ஒரு கட்டுரை, அத்தகைய நூறு கட்டுரைகளினும் மேலானது.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தமிழ்ப்பள்ளியில் அறிவியலின் முதற்பாடத்தைக் கற்று, இன்று பல்கலைக்கழக ஆய்வகங்களில் நிற்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்துறைக்குள் வாருங்கள். அதன் தொடக்கக் கருவிகள் எளியவை, பொருள்கள் மலிவானவை, பயன் உங்கள் வீட்டுக் குழாய்வரை எட்டுவது. வந்தபின், உங்கள் படிகத்தில் மாசணு அமர்ந்த இடத்தை மெய்ப்பிக்காமல் எந்த முடிவையும் வெளியிடாதீர்கள். பிறர் வெளியிட்டாலும் ஏற்காதீர்கள்.